சொந்த மண்ணின் உத்தியானம்

தாவரவியல் தோட்டம் என்ற மாத்திரத்தில், தூர தேசங்களிலிருந்து கப்பலேறி வந்த மரங்களும், கண்ணாடி வீடுகளுக்குள் செயற்கை வெப்பத்தில் வளரும் அபூர்வமான புஷ்பச் செடிகளும், ஒவ்வொன்றின் அடியிலும் அதன் தாய்நாட்டைச் சொல்லும் சிறு பலகையும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது இயல்பே. ஏனெனில், கடந்த சில நூற்றாண்டுகளில் உலகெங்கும் எழுந்த பெரிய தோட்டங்களில் மிகப் பல அந்த நோக்கத்துடனேயே எழுந்தவை. 1787-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கல்கத்தாவில் தோற்றுவித்த தோட்டம், வர்த்தகத்துக்கு உதவக்கூடிய பயிர்களை வளர்த்துப் பார்ப்பதற்காக ஏற்பட்டது. 1848-ல் உதகமண்டலத்துக்கு வந்து அங்குள்ள தோட்டத்தை உருவாக்கிய மக்ஐவரும் அயல்நாட்டு மரஞ்செடிகளை அந்த மலையில் நிலைபெறச் செய்வதிலேயே பெரும் ஊக்கம் காட்டினார். தன் காலடியில் தானாக முளைக்கும் செடியையும் தோட்டத்தில் வைத்துப் போஷிக்கத்தான் வேண்டும், அதற்காகவே ஒரு தோட்டம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் மனிதனுக்கு வெகுகாலம் தாழ்த்தே உதித்தது. அந்த எண்ணத்தின் வழியே, ஒரு நாட்டின் சுதேசத் தாவரங்களுக்கென்றே தோன்றிய முதல் தோட்டம் என்று தாவர நூலோர் பெருமையாகக் குறிப்பிடும் இடம், தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் நகரத்தை அடுத்து, டேபிள் மலையின் கிழக்குச் சரிவில் 1913-ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட கிர்ஸ்டன்பாஷ் உத்தியானமாகும். அதைச் சுற்றி வருகிறவர் பூக்களின் சௌந்தரியத்தை மட்டும் கண்டு திரும்புவதில்லை. ஒரு செடியை அறிவது என்றால் அதன் மண்ணையும், அதைத் தீண்டும் தீயையும், அதன் விதையைச் சுமக்கும் எறும்பையும் சேர்த்தே அறிவது என்ற உண்மையை அடிதோறும் கண்டு திரும்புகிறார்.

இந்தத் தோட்டத்தைத் தோற்றுவித்த ஹெரால்ட் பியர்சன் 1870-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் தமது இளமையில் இலங்கைக்குச் சென்று மலைநாட்டின் பத்தனாப் புல்வெளிகளை ஆராய்ந்து, 1899-ல் அவற்றின் தாவரங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார் என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி. அடர்ந்த காட்டுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், அதே மழையில், மரமே இல்லாத புல்வெளி எவ்வாறு நிலைத்திருக்கிறது என்ற வினா அந்த நிலத்தைக் காணும் எவருக்கும் எழும். செடியைத் தனியே பிரித்துப் பார்க்காமல் அது நிற்கும் நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும் பயிற்சி பியர்சனுக்கு அங்கே கிட்டியிருக்க வேண்டும். 1903-ல் கேப்டவுனில் தாவர சாஸ்திரப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பின்னர், வாழ்நாள் முழுவதும் இரண்டே இலைகளை வளர்த்துக்கொண்டு நமீபியப் பாலைவனத்தில் கிடக்கும் வெல்விட்சியாவைத் தேடி நீண்ட யாத்திரைகள் செய்தார். செசில் ரோட்ஸ் 1895-ல் விலைக்கு வாங்கி, 1902-ல் இறக்கும்போது நாட்டுக்கு விட்டுச் சென்றிருந்த கிர்ஸ்டன்பாஷ் பண்ணையை 1911-ல் ஒரு நண்பருடன் வண்டியில் சென்று பார்த்தபோது, தாம் கனவு கண்ட தோட்டத்துக்கு உகந்த இடம் இதுவே என்று அவர் தீர்மானித்தார். களை மண்டி, ஓக் மரக் கொட்டைகளைத் தின்று பன்றிக் கூட்டங்கள் திரிந்த பாழ் நிலம் அது. 1913 ஜூலை முதல் தேதி அரசாங்கம் அதைத் தோட்டத்துக்கென ஒதுக்கியது. ஆண்டு மானியம் ஆயிரம் பவுன். இயக்குநராகிய பியர்சனுக்குச் சம்பளமே கிடையாது. விறகையும் ஓக் கொட்டையையும் விற்றுப் பணம் சேர்த்துப் பாத்தி கட்டிய அந்த மனிதர் மூன்றே ஆண்டுகளில், 1916-ல், நிமோனியாக் காய்ச்சலால் காலமாகி, தாம் அமைத்த தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தேர்ந்த இடத்தின் மகிமை அதைச் சூழ்ந்த பிரதேசத்தின் மகிமையே. ஆப்பிரிக்காவின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டைவிடச் சிறியதான, ஏறத்தாழ 90,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் சுமார் 9,000 வகைத் தாவரங்கள் வளர்கின்றன. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு உலகில் வேறெங்கும் இயற்கையில் காணப்படாதவை. தாவர உலகத்தை ஆறு பெரும் ராஜ்யங்களாகப் பகுத்த அறிஞர்கள், இந்தச் சிறு மூலையை அவற்றில் தனி ராஜ்யமாகவே வைத்தார்கள் என்றால் அதன் சிறப்பை வேறு எவ்வாறு சொல்வது? குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் கொண்ட இந்நிலத்தில், பெருமரங்கள் அருகி, தடித்த இலைகளுடைய புரோட்டியாப் புதர்களும், ஊசி இலைகளுடைய எரிக்காச் செடிகளும், கோரையை ஒத்த ரெஸ்டியோக்களும் நெருங்கி வளரும் தாவரக் கூட்டத்துக்கு ஃபைன்பாஸ் என்று பெயர். நம் வீட்டுத் தொட்டிகளில் ஜெரேனியம் என்ற பெயரால் வளர்வதும், கொடைக்கானலிலும் நீலகிரியிலும் நீரோடைக் கரைகளில் வெண்ணிறப் பூவுடன் தானாகப் பரவி நிற்கும் ஆரம் லில்லியும் இந்தத் தென்னாப்பிரிக்க மண்ணிலிருந்து புறப்பட்டவையே. கிர்ஸ்டன்பாஷின் மொத்த நிலம் 528 ஹெக்டேர். அதில் பாத்தி கட்டிப் பயிர் செய்யப்பட்ட தோட்டம் 36 ஹெக்டேர் மட்டுமே. எஞ்சியதெல்லாம் மலை உச்சியை நோக்கி ஏறிச் செல்லும் இயற்கைக் காடும் ஃபைன்பாஸுமாகும். இந்த விகிதத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டத்தினுள் நடப்பவர், சுதேசச் செடிகளுக்கே உரிய அவ்விடத்தில், சரித்திரம் விட்டுச் சென்ற சில சின்னங்களையும் காண்பார். 1898-ல் ரோட்ஸ் நடுவித்த அந்நியக் கற்பூர மரங்கள் கிளை கோத்து நிழல் பரப்பும் சாலை அவற்றில் ஒன்று. அதைவிடப் பழமையானதும் மனத்தை அதிகம் உறுத்துவதுமான சின்னம் ஒரு வேலி. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கொண்டிருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, கீழை நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுக்குக் காய்கறியும் இறைச்சியும் தருவதற்கென 1652-ல் நன்னம்பிக்கை முனையில் ஒரு குடியேற்றத்தை நிறுவிற்று. அதன் தலைவர் யான் வான் ரிபெக், அந்நிலத்தின் பூர்வ குடிகளாகிய கோய்கோய் மக்களும் அவர்களுடைய மந்தைகளும் தம் எல்லைக்குள் வராதிருக்க, 1660-ல் காட்டு வாதுமையை வரிசையாக நட்டு உயிர்வேலி அமைத்தார். அந்த வேலியின் ஒரு பகுதி இன்றும் கிர்ஸ்டன்பாஷில் உயிருடன் இருக்கிறது. அடிமரங்கள் நிலத்தோடு சாய்ந்து படர, அவற்றிலிருந்து புதிய தண்டுகள் கிளம்பி, முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரிசை அழியவில்லை. பெயர் வாதுமையாயினும் அது புரோட்டியாக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆஸ்திரேலியாவின் மக்கடேமியா மரத்துக்கு மிக நெருங்கிய உறவு; பச்சையாகத் தின்றால் விஷமாகும் அதன் கொட்டையை நெடுநேரம் ஊறவைத்துப் பக்குவம் செய்யும் முறை அந்நாட்டு மக்களுக்குத் தெரிந்திருந்தது. தம் நிலத்தின் மரத்தைக் கொண்டே தம் நிலத்திலிருந்து விலக்கப்பட்ட அம்மக்களை நினையாமல் அந்த வேலியைக் கடந்து செல்வது நியாயமாகாது.

சற்று மேலே, பியர்சன் முதன்முதலில் நடத் தொடங்கிய பகுதியாகிய சைகட் அரங்கம் இருக்கிறது. பூக்கும் தாவரங்கள் தோன்றுமுன்பே உலகில் செழித்திருந்த இத்தொன்மையான இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் கூம்பின் மகரந்தத்தைப் பெரும்பாலும் சிறு வண்டுகளே பெண் கூம்புக்குக் கொண்டு சேர்க்கின்றன. அங்கே கம்பிக் கூண்டின் பாதுகாப்பில் நிற்கும் ஒரு மரத்தின் முன் தாவர அன்பர்கள் நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். எங்கெஃபலார்ட்டஸ் வுடியை என்ற அவ்வகையில், 1895-ல் ஜான் மெட்லி வுட் என்பவர் நேட்டால் பிரதேசத்து ஒங்கோயெக் காட்டில் கண்ட ஒரே ஓர் ஆண் மரத்தைத் தவிர இன்றுவரை வேறொன்று இயற்கையில் அகப்படவில்லை. உலகத் தோட்டங்களில் உள்ளவை அனைத்தும் அதன் அடிக்கன்றுகளைப் பிரித்து நட்டவையே. ஆகவே அனைத்தும் ஒரே மரம், அனைத்தும் ஆண். பெண் மரம் கிடைக்காத வரையில் அது விதை தர வழியில்லை. கூண்டு போடுவதற்குக் காரணமும் உண்டு: சைகட் மரங்களுக்குக் கள்ளச் சந்தையில் கிடைக்கும் விலையால், 2014-ல் இத்தோட்டத்திலிருந்தே இருபதுக்கும் மேற்பட்ட அரிய சைகட்கள் திருடு போயின. ஓர் உயிரைத் தோட்டத்தில் காப்பாற்றிவிட முடியும். ஆனால் அதன் துணையையும் வண்டையும் காட்டையும் இழந்த பிறகு அது வாழ்வதில் பாதி வாழ்வே எஞ்சுகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேண்டியதில்லை.

அங்கிருந்து சரிவில் ஏறினால் புரோட்டியாத் தோட்டம். நல்ல தோட்டம் என்றால் நல்ல எருவும் கொத்திவிட்ட மண்ணும் வேண்டும் என்று பழகியவருக்கு இங்கே முதற்பாடம் தலைகீழாக இருக்கும்: மண் வளமற்ற மணற்பாறையின் சிதைவு, அடியில் கொத்தக் கூடாது, பாஸ்பேட் உரம் போட்டால் செடி பட்டுப்போகும். உதிர்ந்த சருகை மெல்ல விலக்கிப் பார்த்தால், அதற்குக் கீழே மண்ணின் மேற்பரப்பிலேயே, சீசா கழுவும் பிரஷைப் போல நெருங்கிய மெல்லிய வேர்கள் கொத்துக் கொத்தாகப் பின்னி ஒரு பாயாகப் படர்ந்திருக்கக் காணலாம். இந்தக் கொத்து வேர்கள் கரிம அமிலங்களைச் சுரந்து, மண் துகள்களோடு இறுகப் பிணைந்துள்ள பாஸ்பரஸைக் கரைத்து எடுத்துக்கொள்கின்றன. பல்லாயிரம் தலைமுறைகளாக வறுமையிலேயே வாழ்ந்து, கிடைத்ததையெல்லாம் உறிஞ்சக் கற்ற செடிக்கு, ‘போதும்’ என்று உறிஞ்சுவதை நிறுத்தும் சக்தி பெரும்பாலும் இல்லை. அதனால் மனிதன் அன்பாக இடும் உரமே அதற்கு நஞ்சாகிறது. டேபிள் மலையையும் அதன் சுற்றுப்புறத்தையுமே இயற்கை இல்லமாகக் கொண்ட வெள்ளி மரமும் இக்குடும்பத்ததே. அதன் இலையை விரலால் தடவினால் பட்டின் மென்மை தெரியும். பளபளப்புக்குக் காரணம் இலைமேல் அடர்ந்த நுண்ணிய ரோமங்கள். வறண்ட வெயிலில் அவை இலையோடு படிந்து ஈரம் வெளியேறாமல் காத்து, ஒளியைத் திருப்பி எறிந்து மின்னுகின்றன; ஈரமான நாளில் சற்றே எழுந்து காற்றுக்கு வழி விடுகின்றன; மரம் அப்போது மங்கிச் சாம்பல் நிறம் கொள்கிறது. மின்னும் அழகு என்று நாம் பாராட்டுவது அம்மரத்துக்குத் தண்ணீர்ச் சிக்கனம்.

இவை அனைத்தையும்விட ஆச்சரியமானது ஃபைன்பாஸுக்கும் அக்கினிக்கும் உள்ள உறவு. பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை கோடையில் தீப்பற்றி எரிவது அந்நிலத்தின் இயல்பு. எரியாமல் நெடுங்காலம் நின்றால் புதர்கள் முதிர்ந்து மடிய, அடியில் கிடக்கும் விதைகள் முளையாமலே போகும். சில புரோட்டியாக்கள் தம் விதைகளை மூடிய தலைகளுக்குள் ஆண்டுக் கணக்கில் வைத்திருந்து, தாய்ச்செடி தீயில் மடிந்த பின்னரே, எருவும் வெளிச்சமும் நிறைந்த சாம்பல் நிலத்தில் அவற்றை உதிர்க்கின்றன. தீ லில்லி என்னும் கிழங்குச் செடியோ, எரிந்த சில நாட்களிலேயே கரிந்த நிலத்தைத் துளைத்துக்கொண்டு சிவந்த பூவை நீட்டுகிறது. ஆயினும், தோட்டக்காரர்களை வெகுகாலம் திகைக்க வைத்தவை பல சிறு செடிகளின் விதைகள். வெப்பத்தில் வாட்டினாலும், குளிரில் வைத்தாலும், தோலைக் கீறினாலும் அவை முளைக்க மறுத்தன. 1990-ல் யோஹானஸ் டி லாங்கே, சார்லஸ் பூஷே என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் அரிய செடியை ஆராயும்போது, தீயின் வெப்பம் அன்று, புகையே விதைக்கு விழிப்பூட்டுகிறது என்று கண்டு வெளியிட்டனர். அதைப் பின்பற்றிக் கிர்ஸ்டன்பாஷில் நெவில் பிரவுன் முதலியோர் நூற்றுக்கணக்கான வகை விதைகளைப் பரிசோதித்தார்கள். விதைத்த தட்டுகளைப் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைத்து, பீப்பாயில் காய்ந்த தழைகளை எரித்த புகையை உள்ளே செலுத்தினால், அது விதை மண்ணில் படிகிறது. பின்பு நீர் தெளிக்கும்போது அதன் சாரம் விதையைச் சென்று சேர்கிறது. புகையை நீரில் கரைத்து, அந்நீரை வடிதாளில் ஊறவைத்து உலர்த்தி, தேவையானபோது அந்தத் தாளையும் விதையையும் ஒரு நாள் சேர்த்து ஊறப்போட்டாலும் போதும் என்று கண்டார்கள். அத்தகைய தாள்கள் தோட்டத்தின் விற்பனைப் பொருளாகவே ஆயின. அதிசயம் என்னவென்றால், ஃபைன்பாஸ் தழைதான் வேண்டும் என்பதில்லை. சாதாரண வைக்கோல் புகையும் அதே வேலையைச் செய்கிறது. 2004-ல் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள், புகையிலுள்ள காரிக்கின் வகைப் பொருள் ஒன்றே இந்த விழிப்புக்குக் காரணம் என்று பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவிலேயே அது செயல்படுகிறது. எரிந்துபோன அயல் புதர்களின் சேதியை, நிழலும் போட்டியும் நீங்கிவிட்டன என்ற சேதியை, அந்தச் சிறு அளவிலிருந்தே விதை தெரிந்துகொள்கிறது.

தீ வரும்வரை விதையைப் பத்திரமாக வைத்திருப்பது யார்? ஆயிரத்துக்கு மேற்பட்ட கேப் தாவரங்களுக்கு அந்த உபகாரத்தைச் செய்பவை எறும்புகள். ஊசிமெத்தை போன்ற பூக்களால் பெயர்பெற்ற லூகோஸ்பெர்மம், தூவி போன்ற செந்தலை தூக்கி நிற்கும் மிமெட்டீஸ் ஆகியவற்றின் விதைமேல் கொழுப்புச் சத்து நிறைந்த மெல்லிய சதை ஒட்டியிருக்கும். விதை தரையில் விழுந்ததும், எலிகள் கண்டுகொள்ளுமுன், நாட்டு எறும்புகள் அதை வளைக்குள் இழுத்துச் சென்று சதையை மட்டும் தின்றுவிட்டு, வழுவழுப்பான விதையை அங்கேயே விட்டுவிடுகின்றன. எலிக்கும் எட்டாமல், தீயிலும் கருகாமல், ஆனால் தீ வந்து போனதை அறியக்கூடிய ஆழத்தில் அது காத்திருக்கிறது. இந்த ஒழுங்கை ஓர் அந்நியப் பூச்சி குலைத்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து பரவிய அர்ஜெண்டினா எறும்பு, நாட்டு எறும்புகளைத் துரத்திவிட்டு, விதையின் சதையை வெளியிலேயே தின்று, விதையைத் தரைமேல் எலிகளுக்கு விட்டுவிடுகிறது. பாண்ட், ஸ்லிங்ஸ்பி என்ற இருவர் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிமெட்டீஸ் விதைகளில் நாட்டு எறும்பு உள்ள இடத்தில் தீக்குப்பின் 35 சதவீதம் முளைத்தன என்றும், அர்ஜெண்டினா எறும்பு புகுந்த இடத்தில் ஒரு சதவீதம்கூட முளைக்கவில்லை என்றும் காட்டினார்கள். செடி அதே செடி, மலை அதே மலை, மழையும் தீயும் அவையே. மாறியது எறும்பு ஒன்றே.

அழிந்த ஒன்றை மீட்ட கதையும் இத்தோட்டத்துக்கு உண்டு. கேப்டவுனின் தாழ்ந்த மணல்வெளிகளில், கிளையைச் சுற்றி வளையம் வளையமாக இளஞ்சிவப்புக் குழல் பூக்களைத் தாங்கிய எரிக்கா வெர்ட்டிசில்லாட்டா, நகரம் விரிந்து அந்த ஈர மணல்வெளிகளை விழுங்கியதால், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இயற்கையிலிருந்து மறைந்து போயிற்று. 1984-ல் பிரிட்டோரியாவின் ஒரு பூங்காவில் அதன் செடி உயிருடன் இருப்பது தெரியவந்தது. தேடத் தேட, கிர்ஸ்டன்பாஷிலேயே மறக்கப்பட்டுக் கிடந்த ஒரு செடியும், லண்டன் கியூ தோட்டத்திலும், வியன்னா நகரின் பழைய அரச தோட்டத்திலும் பேணப்பட்ட செடிகளும் அகப்பட்டன. அவற்றின் தண்டுகளை வெட்டிப் பதியம் செய்து பெருக்கி, 1994 முதல் ரொண்டெவ்லை என்னும் காப்பகத்தில் அவை திரும்ப நடப்பட்டன. பல இடங்களில் தனித்தனியே பிழைத்த செடிகள் ஒன்றுசேர்ந்ததால்தான் ஒன்றிடமிருந்து மற்றொன்று மகரந்தம் ஏற்று விதை தரும் வாய்ப்பு உண்டாயிற்று. அந்தக் குழல் பூக்களுக்கு ஏற்ற நீண்ட அலகுடைய தேன்சிட்டுகளும், விதையை எழுப்பும் தீயும் உள்ள நிலம் கிடைத்ததால்தான் அந்த வாய்ப்புக்குப் பயன் உண்டாயிற்று.

இந்த இடத்தில் நம் நீலகிரியை நினைக்காமல் இருக்க இயலவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, சீகை மரம் என்று மலைமக்கள் வழங்கும் கரு வாட்டில், கேப் பிரதேசத்திலும் நம் மேற்கு மலைகளிலும் ஒரே விதமாகப் பரவி, அங்கே ஃபைன்பாஸையும் இங்கே புல்வெளியையும் விழுங்கியது. நீரை மிகுதியாக உறிஞ்சும் இத்தகைய அந்நிய மரங்களை நீர்ப்பிடிப்பு மலைகளிலிருந்து அகற்றினால் ஓடைகளில் நீர் கூடும் என்பதை உணர்ந்த தென்னாப்பிரிக்க அரசாங்கம், 1995 முதல் ஏழை மக்களுக்கு வேலை கொடுத்து அவற்றை வெட்டும் பெருந்திட்டத்தை நடத்தி வருகிறது. அந்த வேலைக்கு, எது நாட்டுச் செடி, எது வந்தேறி, வெட்டிய இடத்தில் எதை எப்படி முளைக்க வைப்பது என்ற ஞானம் முதலில் வேண்டும். அந்த ஞானத்தை விளைவிக்கும் களமே சுதேசத் தாவரத் தோட்டம்.

2004-ல் கேப் தாவரப் பிரதேசத்தை யுனெஸ்கோ உலக இயற்கைப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தபோது, கிர்ஸ்டன்பாஷும் அதற்குள் அடங்கிற்று. இயற்கைப் பாரம்பரியம் என்ற பெருமைக்குள் ஒரு தாவரவியல் தோட்டம் சேர்க்கப்பட்டது அதுவே முதல் முறை. ஏழாயிரம் வகைச் செடிகளை வளர்ப்பதாலோ, மர உச்சிகளினூடே 130 மீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்லும் நடைபாலத்தை 2014-ல் கட்டியதாலோ மட்டும் அந்தத் தகுதி கிட்டிவிடாது. பயிர் செய்த 36 ஹெக்டேருக்கும் பின்னால் நிற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஹெக்டேர் மலைக்கும் இடையே மதில் இல்லாத தொடர்ச்சியே அதன் உயிர்நாடி: மலையில் கேட்ட கேள்விக்குத் தோட்டத்தில் பரிசோதனை, தோட்டத்தில் கற்ற பாடத்துக்கு மலையில் பிரயோகம். நம் மாவட்டங்களிலும் நாட்டு மரங்களுக்கென்று தோட்டங்கள் எழ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இன்று பெருகி வருகிறார்கள். அது மிக நல்ல விருப்பம். ஆனால், எத்தனை இனங்களைச் சேர்த்தோம், எத்தனை பலகை நட்டோம் என்று எண்ணுவதோடு அவர்கள் நின்றுவிடலாகாது. அந்த மரம் எந்த மண்ணில், எந்தப் பறவையோடும் வண்டோடும், எந்தப் பருவத்தின் வெயிலிலும் நீரிலும் தானாகத் தன் சந்ததியை வளர்க்கிறது என்று கற்றுக்கொண்டு, அந்தச் சூழலில் ஒரு துண்டையேனும் தோட்டத்தின் பக்கத்தில் பாத்தி கட்டாமல் விட்டு வைத்தால்தான், நாம் அமைப்பது மரங்களின் கண்காட்சியாக முடியாமல் அவற்றின் பிறப்பிடமாக நிலைக்கும்.